இரண்டாவது மூட்டை

மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். சுனாமி வந்து போன அந்தத் தை மாதம், மரக்காணம் கடைத்தெருவில் விதையும் உரமும் விற்கிற அப்துல் கையூம் பாய்க்கு நான் தரவேண்டியிருந்த பாக்கி இது. இதில் பாதி பழசு. மீதிப் பாதி, பால் பிடிக்கிற பதத்தில் கடல் தண்ணீர் ஏறிச் செத்துப்போன சம்பா நெல்லுக்கு வாங்கின உரம். மூன்று மூட்டை யூரியா, ஒரு மூட்டை டி.ஏ.பி., ஒரு மூட்டை பொட்டாஷ், அப்புறம் பூச்சி மருந்து. நெல் போய்விட்டது. அதற்குப் போட்ட உரத்தின் விலை மட்டும் பாயின் நீள நோட்டில் என் பெயருக்கு நேராக நின்றது.

பாய் வட்டி வாங்க மாட்டார். கடனுக்கு மூட்டை கொடுப்பார். அறுத்ததும் நெல்லை அவரிடமே போடவேண்டும், அதில் கழித்துக்கொள்வார். அறுக்க ஒன்றுமில்லாத அந்த வருஷத்திலும் அவர் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் சிரிப்பார்.

"உன் பேருதான் பக்கிரி. உனக்கு மூட்டை குடுத்துக் குடுத்து நான்தான்பா பக்கிரி ஆவறேன்" என்பார்.

நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது.

எனக்கு நிலம் தொண்ணூறு சென்ட். கழுவெளி என்கிற உப்பங்கழி ஓரம், உப்பளத்துக்கு மேற்கே. அதை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாது. மாசி தொடங்கி மழை வரும்வரை உப்பளத்தில் கூலி. மழைக்கு உப்பு வேலை நின்றால் ஊரில் வயல் வேலை. வயல் வேலையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. யூரியா வீச பக்கிரியைக் கூப்பிடு என்பார்கள். இடுப்பில் அன்னக்கூடையை அணைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினால் நாலு எட்டுக்கு ஒரு வீச்சு. சிலர் வீசிய வயலைப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் இங்கே கரும்பச்சையும் அங்கே வெளிறலுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். நான் வீசியது ஒரே ஜமக்காளம் விரித்தமாதிரி இருக்கும். பக்கத்துக் கொல்லைக்காரர் அப்பாவு, ஐந்து ஏக்கரும் போர்வெல்லும் வைத்திருக்கிறவர், அவர்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

ஒரு மூட்டை போடுகிற இடத்தில் இரண்டு போட்டால் பயிர் இன்னும் கறுக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கறுத்தால் பூச்சி வரும், பூச்சிக்கு மருந்து வாங்கவேண்டும், அதுவும் பாய் நோட்டில் ஏறும் என்பதை நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தவள் என் வீட்டுக்காரி தையல்நாயகி. நாற்பது வயதில் அறிவொளி வகுப்புக்கு நான் போனபோது, "நீ போய்க் கத்துக்கினு வா, நான் சோறாக்கறேன்" என்று இருந்துவிட்டவள். எழுத்து எனக்கு வந்தது. கணக்கு அவளிடமே இருந்தது.

சுனாமிக்குப் பிறகு உப்பளமெல்லாம் சேறு. ஏழெட்டு மாதம் வேலையில்லை. தையல்நாயகி பஸ் ஏறி, இரும்பை கிராமத்துக்கு அந்தப் பக்கம் ஆரோவில்காரர்கள் வைத்திருந்த ஒரு பண்ணைக்குக் களை எடுக்கப் போனாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஒரு சேதியோடுதான் இறங்குவாள். அங்கே யூரியாவே கிடையாதாம். சாணியும் மூத்திரமும் வெல்லமும் கரைத்துவைத்து, பாய்கிற தண்ணீரோடு விடுகிறார்களாம். தக்கைப்பூண்டு என்கிற தழைச்செடியை விதைத்துப் பூ எடுக்கிற நேரத்தில் மடக்கி உழுகிறார்களாம். உப்பு ஏறின நிலத்துக்கும் அது நல்லதாம்.

"வெள்ளைக்காரனுக்குப் பணம் இருக்குது. வெளைஞ்சா சாப்புடுவான், வெளையலேன்னா போட்டோ புடிச்சிக்கினு ஊருக்குப் போவான்" என்றேன்.

"வயலைப் பாத்துக்கிறது வெள்ளைக்காரன் இல்லய்யா. அருள்மொழின்னு இரும்பைப் பொண்ணு. அதுவும் கூலிக்கு வந்ததுதான். அது சொல்லுது, ஒரேயடியா நிறுத்தாதீங்கக்கா, குடிகாரனுக்குத் திடீர்னு நிறுத்தினா கைகால் ஒதறுற மாதிரி நெலத்துக்கும் ஒதறும். மூணு மூட்டை போட்ட எடத்துல இந்த வருசம் ஒரு மூட்டை. அடுத்த வருசம் அரை. நடுவுல சாணியைக் குடுங்க, தழையைக் குடுங்கன்னு."

"சாணிக்கு மாடு?"

"வாங்கணும்" என்றாள். முடிவு பண்ணிவிட்டுத்தான் பேச்சை எடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுனாமியில் நிலம் போனவர்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் மாடு வாங்கப் பணம் கொடுத்தது. ஊரில் பாதிப் பேர் மாட்டை வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வாரமே சந்தையில் விற்றார்கள். தையல்நாயகி அந்தப் பணத்தோடு தன் கூலிப் பணத்தையும் போட்டு, பெருமுக்கல் வரை போய் ஒரு செவலைக் கிடேரி பிடித்துவந்தாள். ஆடி மாதம். வெயிலில் அவ்வளவு தூரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். வந்தவள் தான் தண்ணீர் குடிக்கவில்லை, அதற்குக் காட்டினாள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் உப்பளத்து ஊர்களில், பாத்தி ஓரத்தில் மண் கலந்து கிடக்கிற உப்பை வேலை விட்டு வரும்போது சாக்கில் கொஞ்சம் அள்ளிவருவோம். அது விலை போகாது. சாக்கோடு கட்டுத்தறியில் போட்டுவிட்டால் மாடு நாள் முழுக்க நக்கும். அந்தச் சாக்கெல்லாம் பழைய யூரியா சாக்குதான். இரண்டு ரூபாய்க்குக் கிடைப்பது அதுதான். நன்றாக அலசிவிட்டு உப்புக்கு வைத்துக்கொள்வோம். எங்கள் மாடுகளுக்கு வெள்ளைச் சாக்கு என்றால் உப்பு. கன்றிலிருந்தே அப்படிப் பழகியவை.

பெருமுக்கல் மேட்டு நிலத்து மாட்டுக்கு அது தெரியாது. முதல் நாள் சாக்கை மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சீறியது. நான்தான் உள்ளங்கையில் உப்பைத் தேய்த்து நக்கக் கொடுத்தேன். பிறகு அதே கையைச் சாக்கின் மேல் வைத்துக்கொண்டேன். கையை நக்க வந்த நாக்கு சாக்கை நக்கியது. ஒரு வாரத்தில், நான் சாக்கோடு தெருமுனையில் திரும்பினாலே கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும்.

தையல்நாயகி பார்த்துச் சிரித்தாள். "உன்னாட்டம்தான். உப்பு இல்லாட்டி எறங்காது."

ஆவணியில் தக்கைப்பூண்டு விதைத்தோம். உப்பு பூத்துக் கிடந்த நிலத்தில் அதுதான் முளைத்தது. ஐப்பசியில் மடக்கி உழுதோம். அந்த வருஷம் மழை விட்டுவைக்கவில்லை. கழுவெளி நிறைந்து, ஏரி உடைந்து, ரோடெல்லாம் அறுத்துக்கொண்டு போனது. ஊரே திட்டியது. எங்கள் நிலத்து உப்பையும் அந்த மழைதான் கழுவியது. தை இரண்டாம் வாரம் நாற்று நட்டோம்.

நடுவதற்கு முன்பே தையல்நாயகி பாய் கடைக்குப் போய் இருநூற்று ஐம்பத்தைந்து ரூபாய் ரொக்கம் கொடுத்து ஒரு மூட்டை யூரியா வாங்கிவந்தாள். பழைய பாக்கியை அறுத்ததும் தருகிறோம், புதிதாக நோட்டில் ஒன்றும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். மூட்டையைப் பரண்மேல் ஏற்றினாள். வேப்பம் புண்ணாக்குத் தூளோடு பிசறி, ஒரு ராத்திரி வைத்து, நாலு தடவையாகப் போடுவது என்று திட்டம். அளக்கிற படியும் அவளிடம். என் வேலை வீசுவது மட்டும். முதல் தடவை அவள் அளந்து கொடுத்ததை அன்னக்கூடையில் பார்த்தபோது, இதை வைத்துக்கொண்டு எதை வீச என்று இருந்தது. கூடையின் அடி தெரிந்தது.

நட்டு இருபது நாள் இருக்கும். பயிர் வெளுக்க ஆரம்பித்தது. அப்பாவுவின் வயல் கறுத்து நின்றது. நடுவில் ஒரு வரப்புதான். எங்கள் பக்கம் எலுமிச்சம்பழத் தோல்மாதிரி மஞ்சள்.

"ஏம்பா பக்கிரி, நெல்லுக்குக் காமாலையா?" என்றார் அப்பாவு. "கீழாநெல்லி அரைச்சு ஊத்திப் பாரு."

போர்வெல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவன், "ஊருக்கெல்லாம் வீசற கை, தன் கொல்லைக்கு வீச யூரியா இல்ல" என்றான். எனக்கு அது பட்டது. பணம் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பட்டிருக்காது. என் வயலைப் பார்த்து என் கையைச் சொல்கிறான்.

வீட்டில் சொன்னேன்.

"பத்து நாள் பாக்கலாம்யா" என்றாள் தையல்நாயகி. "அருள்மொழிகிட்டக் கேட்டுட்டேன். பனி ஜாஸ்தி. தழை மக்குற வரைக்கும் அப்படித்தான் இருக்குமாம். வெயில் ஏறினா திரும்பிக்குமாம்."

"திரும்பலேன்னா?"

"திரும்பலேன்னா பரண்ல மூட்டை இருக்குது. ரெண்டு படி சேத்துப் போடலாம். கடனுக்கு மட்டும் போவாத. எனக்கு வேற ஒண்ணும் வேணாம், பாய் நோட்டுலருந்து நாம வெளிய வரணும். அவ்வளோதான்."

சரி என்றேன். மனசோடு சொல்லவில்லை.

மாசி மூன்றாம் தேதி, புதன்கிழமை, அவள் பஸ் ஏறிய பிறகு நான் கடைக்குப் போனேன். பாய் கணக்கு நோட்டை மூடி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன் வூட்டம்மா வந்து, ஒரு மூட்டைக்கு மேல இவருக்குக் குடுக்காதீங்க பாய்னு சொல்லிட்டுப் போயிருக்குது."

"அவ சொன்னா சொல்லிட்டுப் போறா. வெள்ளைக்காரன் பண்ணையில நாலு நாள் களை எடுத்துட்டு வந்து எனக்கு வெவசாயம் சொல்லித் தர்றா. எழுதுங்க பாய்."

"வூட்டுல சண்டை வந்தா என் தலை உருளக் கூடாதுப்பா."

"யாருக்குத் தெரியப்போவுது? வீசிட்டா தண்ணியில கரைஞ்சிடும். எழுதுங்க."

பாய் கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து.

சைக்கிள் கேரியரில் கட்டி, தெரு வழியாக வராமல் வாய்க்கால் கரையோடு தள்ளிக்கொண்டு வந்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் போர் இருந்தது. போருக்கும் வேலிக்கும் நடுவில் மூட்டையை வைத்து மேலே தென்னை மட்டைகளைப் போட்டேன். நாளைக் காலையில் வீசிவிட்டால் தீர்ந்தது. பத்து நாளில் பயிர் கறுக்கும். அவள் சாணிக் கரைசலால் கறுத்தது என்று நினைத்துக்கொள்வாள், சந்தோஷப்படுவாள், எனக்கும் போர்வெல் கொட்டகையில் மரியாதை. அப்படித்தான் யோசித்தேன். அவளை ஏமாற்றுவதாகவே அன்று தோன்றவில்லை.

வியாழக்கிழமை அவள் போனதும் மூட்டையின் தையலைப் பிரித்து, அன்னக்கூடை நிறைய எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். ஈரக் கையில் யூரியா ஜில்லென்று இருந்தது. உப்பளத்தில் வெடித்த விரல்களில் பட்டு எரிந்தது. பயிர்மேல் பனி இன்னும் காயவில்லை. இலை ஈரமாக இருக்கும்போது வீசினால் கருகிவிடும். காயட்டும் என்று வரப்பில் குந்தினேன்.

அப்போதுதான் பார்த்தேன். தூருக்குள், மஞ்சள் இலைகளுக்கு நடுவே, புதுக் குருத்து பச்சையாக இருந்தது. ஒரு தூரில் இல்லை. கையால் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். பத்துக்கு எட்டில் இருந்தது. மேலாகப் பார்த்தால் தெரியாது, குந்திப் பார்த்தால்தான் தெரியும். அவள் சொன்ன பத்து நாள்கூட ஆகவில்லை. ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

வீசவில்லை. ஒரு கைப்பிடிகூட வீசவில்லை. கூடையை அப்படியே தூக்கிவந்து மூட்டையில் கொட்டினேன். தையல் பிரிந்த வாயைத் திருகி, மேலே ஒரு செங்கல்லை வைத்து, மட்டையால் மூடினேன். பாயிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம், பிரித்த மூட்டை என்று இருபது ரூபாய் குறைத்துக்கொண்டால் குறைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அன்றே போயிருக்கலாம். உப்பளத்தில் அன்றுதான் பாத்தி மிதிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே போனேன், கடைக்குப் போகவில்லை. மறுநாள் வெள்ளி. ஜும்மாவுக்குப் பாய் கடையைச் சாத்திவிடுவார், பிறகு திறந்தாலும் கூட்டம் இருக்கும், கூட்டத்தில் மூட்டையைத் திருப்பினால் நாலு பேர் கேட்பார்கள். சனிக்கிழமை வேலை விட்டதும் போகலாம் என்று விட்டேன்.

மூட்டையை வீட்டுக்குள் எடுத்து வைத்திருக்கலாம். வீட்டுக்குள் வைத்தால் தையல்நாயகி பார்ப்பாள். அவள் கண்ணில் படாத இடமாகத்தான் தேடினேன். மாட்டின் கண்ணை நான் நினைக்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். உப்புப் பாத்தியில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டு ஞானாம்பாள் கரைமேல் ஓடிவந்து கையை ஆட்டினாள்.

"உன் மாடு கீழ கெடக்குது! வாயில நுரை தள்ளுது, ஓடியா!"

கால் கழுவவில்லை. அப்படியே ஓடினேன். எனக்கு ஓடும்போதே தெரிந்துவிட்டது.

முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. தென்னை மட்டைகள் ஒரு பக்கம். செங்கல் ஒரு பக்கம். மூட்டையின் வாய் மலர்ந்து கிடந்தது. சாக்கில் யூரியா என்று பெரிதாகத்தான் எழுதியிருந்தது. அதற்கு அது வெள்ளைச் சாக்கு, நான் காட்டிப் பழக்கிய சாக்கு. நக்கியிருக்கிறது. நக்கி நக்கி, மூட்டையின் ஒரு மூலை குழிந்திருந்தது.

வயிறு ஊதி, நாலு காலையும் நீட்டி, உடம்பு வெடவெடவென்று உதறிக்கொண்டு கிடந்தது. ஞானாம்பாள் புளி கரைத்துவந்தாள். ஊற்றினோம். பாதி கடைவாயில் வழிந்தது. யாரோ சைக்கிளில் மாட்டு டாக்டருக்கு ஓடினார்கள். அவர் வேறு ஊரில் இருந்து வண்டியில் வந்து சேர ஒன்றரை மணி ஆனது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார்.

"பத்து, பத்தரைக்கு இருக்கும் சார்."

"யூரியாவுக்கு உடனே பாக்கணும்ங்க. உப்பளத்து மாடுங்க சாக்கைப் பாத்தா விடாது, உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் கீழ வெச்சிருக்கீங்க" என்றார். ஊசி போட்டார், வினிகரும் தண்ணீரும் ஊற்றச் சொன்னார். கடைக்கு ஓடி வாங்கிவந்து ஊற்றினோம். கண் அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சினையா?" என்று கேட்டார். ஐந்து மாதம் என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு போனார்.

ஐந்தரை பஸ்ஸில் தையல்நாயகி வந்தாள். பண்ணையில் பொறுக்கிய வேப்பங்கொட்டை ஒரு பை தலையில் இருந்தது. வாசலில் கூட்டத்தைப் பார்த்து, எனக்கு என்னவோ என்று நினைத்தாளாம். என்னைப் பார்த்தாள், பிறகு மாட்டைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்தாள். மாட்டிடம் போய் உட்கார்ந்து கொம்புக்கு நடுவில் கையை வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று பெண்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவள் அழவில்லை.

எழுந்து வைக்கோல் போருக்குப் பின்னால் போனாள். மூட்டையைப் பார்த்தாள். அங்கிருந்து நேராக வீட்டுக்குள் போனாள். நான் வாசலில் நின்றபடியே பார்த்தேன். ஏணியில் ஏறி, பரணில் கையை விட்டுத் தடவினாள். அவள் வைத்த மூட்டை அவள் கட்டிய கயிற்றோடு அங்கேயே இருந்தது. மெதுவாக இறங்கினாள்.

ஊருக்கு அது ஒரு மூட்டை. இரண்டு என்பது அந்த நேரத்தில் அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

"மூட்டையைப் பரண்மேல வெச்சிருக்கக் கூடாதா தையலு? இப்பிடியா கீழ வெப்பாங்க" என்றாள் ஞானாம்பாள்.

கூட்டம் முழுக்கத் தையல்நாயகியைப் பார்த்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க்கா" என்றாள். "வெச்சிருக்கணும்."

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான்தான் வைத்தேன் என்று இரண்டு வார்த்தை. அப்பாவு நின்றார், கொட்டகையில் சிரித்தவர்கள் நின்றார்கள். திறக்கவில்லை. மாட்டைப் புதைக்கக் குழி எங்கே வெட்டலாம் என்று ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். நானும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவள் கேட்டாள். சத்தம் போடவில்லை.

"எதுக்குய்யா?"

"மஞ்சளா இருந்துச்சு."

"இப்பப் பச்சையா இருக்குதே. நேத்துப் பஸ் ஏறப் போவும்போதே பாத்துட்டுப் போனேன்."

"நானும் பாத்தேன். வியாழக்கிழமையே பாத்துட்டேன். அதான் வீசல."

"வீசலையா?" என்றாள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. "வீசியாவது தொலைச்சிருக்கக் கூடாதாய்யா? ஒருநாள் எல்லாத்தையும் வீசிட்டு வந்திருந்தா, நான் ஏமாந்துட்டுப் போயிருப்பேன். அது இருந்திருக்குமே."

அன்றைக்குத்தான் அழுதாள். பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

பிரித்த மூட்டையை வீட்டில் வைக்க அவள் விடவில்லை, எங்கள் வயலில் போடவும் விடவில்லை. அப்பாவு தன் வயலுக்கு எடுத்துக்கொண்டு காசு நீட்டினார். நான் வாங்கவில்லை. மாடு இல்லாததால் சாணிக்கு அப்பாவுவின் மாட்டுக் கொட்டகைக்குத்தான் போகவேண்டியிருந்தது. விடியற்காலையில் கொட்டகையைக் கூட்டிக் கழுவித் தந்துவிட்டு, கூலியாக இரண்டு கூடை சாணி வாங்கிவருவாள். பிறகு பஸ் ஏறுவாள். மூன்று மாடு கட்டிய கொட்டகை. சம்பளமில்லாத வேலை. நான் செய்கிறேன் என்றேன். "நீ உப்புக்குப் போ" என்றாள்.

மூன்றாம் தடவை உரம் வைக்கும்போது, பரணில் இருந்ததை அளந்து, புண்ணாக்கோடு பிசறி, அன்னக்கூடையை என் கையில் கொடுத்தாள். வயலில் இறங்கினேன். நாலு எட்டுக்கு ஒரு வீச்சு என்பது எனக்குப் பிள்ளைப் பிராயத்திலிருந்து வருவது. அன்று வரவில்லை. ஒரு இடத்தில் நின்றேன், ஒரு இடத்தில் இரண்டு தடவை வீசினேன். பத்து நாள் கழித்து என் வயலில் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அப்பாவு பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சித்திரையில் அறுத்தோம். பதினாறு மூட்டை. சுனாமிக்கு முன்பு நல்ல வருஷத்தில் பத்தொன்பது வரும். உப்பு ஏறின நிலத்தில், மூன்றில் ஒரு பங்கு யூரியாவில் பதினாறு என்றால் ஊரில் யாரும் நம்பவில்லை. பூச்சி மருந்து ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கொட்டகையில் சிரித்தவர்களில் இரண்டு பேர் தையல்நாயகியிடம் வந்து தக்கைப்பூண்டு விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். சொல்லும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த மாட்டைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு அவள் சொல்லியிருக்க வேண்டிய சேதி அது.

ஆறு மூட்டையைச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொண்டு, பத்து மூட்டையை வாடகை வண்டியில் ஏற்றிப் பாய் கடைக்குக் கொண்டுபோனோம். அன்று அவள் பண்ணைக்குப் போகவில்லை. பாய் நெல்லைக் கையில் அள்ளி, ஊதி, நகத்தில் நெரித்துப் பார்த்தார். மூட்டைக்கு நானூற்று இருபது என்றார். அவள் பேரம் பேசவில்லை.

"நாலாயிரத்து எரநூறு ஆவுது" என்றார் பாய். நோட்டைப் பிரித்தார். "மூவாயிரத்து எழுநூத்தி நாப்பது எடுத்துக்கறேன். மீதி நானூத்தி அறுவது, இந்தாம்மா."

தையல்நாயகி பணத்தைத் தொடவில்லை. "நோட்டுல அவ்வளோதான் எழுதியிருக்குதா பாய்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தராசுத் தட்டைப் பார்த்தேன்.

"அந்த எரநூத்தி அம்பத்தஞ்ச விட்டுடும்மா. நீ வந்து சொல்லிட்டுப் போனப்புறமும் நான் குடுத்துட்டேன். சேதி கேட்ட நாள்லருந்து எனக்கு மனசே சரியில்ல. வூட்டுலயும் கரீமா திட்டுறா. நான் அதை எடுக்க மாட்டேன்."

"நீங்களா தூக்கியாந்து எங்க வூட்டுல போட்டீங்க? இவரு வந்து கேட்டாரு. நீங்க எழுதிட்டுக் குடுத்தீங்க. எடுத்துக்கங்க."

"வேணாம்மா. மாடே போயிடுச்சு. அதுக்குக் காசு வேற வாங்கினா நல்லாவா இருக்கும்?"

"மாட்டுக்கு யாரும் யாருக்கும் குடுக்க வேணாம் பாய். மூட்டைக்கு எடுத்துக்கங்க. நீங்க விட்டுக்குடுத்தா நாளைக்கு இவரு கடை வாசல்ல வந்து நிக்கும்போது, பாய் நல்லவரு, கேட்டா குடுப்பாருன்னு மறுபடியும் தோணும். எனக்கு அது வேணாம்."

பாய் நோட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் நான் பேசினேன்.

"எடுத்துக்கங்க பாய். மூட்டையை நான்தான் போருக்குப் பின்னால வெச்சேன். இவ இல்ல."

கடையில் விதை வாங்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள், எங்கள் ஊர்க்காரர்கள். திரும்பிப் பார்த்தார்கள். இரண்டரை மாதம் தாமதமாகச் சொன்னது. தையல்நாயகி என் பக்கம் திரும்பவில்லை. சொன்னதால் அவளுக்குப் பாரம் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

பாய் நானூற்று அறுபதிலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்தை எண்ணி எடுத்துக் கல்லாவில் போட்டார். மீதி இருநூற்று ஐந்து ரூபாயை அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அடுத்த போகத்துக்கு அரை மூட்டை வேணும் பாய். ரொக்கத்துக்கு. நான்தான் வருவேன்."

"சரிம்மா" என்றார் பாய்.

நோட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். என் பெயர் போட்ட பக்கம். படித்தேன். ஒவ்வொரு வரியும் தெரிந்தது. பழைய பாக்கி, சம்பாவுக்கு வாங்கினவை, பூச்சி மருந்து, கடைசியில் மாசி மூன்று, யூரியா ஒன்று. பாய் அந்தக் கடைசி வரிவரைக்கும் குறுக்கே கோடு இழுத்து, கீழே பைசல் என்று எழுதித் தேதி போட்டார்.

"எழுதிட்டாரா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"எழுதிட்டாரு" என்றேன்.